ஊசிவேலை: களிப்பும் கடனும்

ஒரே ஊசி இரு கைகளில் இருவேறு பொருள் பெறுகிறது. ஒருத்தி தைக்கிறாள், அன்றைய அரிசி அதில் இருக்கிறது. மற்றொருத்தி தைக்கிறாள், அன்றைய மன நிம்மதி அதில் இருக்கிறது. துணியும் நூலும் தையலும் ஒன்றேதான். ஆயினும் முன்னவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டால் வீட்டில் உலை ஏறாது. பின்னவள் வைத்துவிட்டால் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். இவ்விருவருக்கும் இடையே கடப்பாடு ஏதேனும் உண்டா? உண்டெனில் அது எத்தகையது? இதனையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஊசிவேலையில் நாட்டமுடைய பெண்கள் சிலர் ஒன்றுகூடி, இரண்டு மூன்று நாட்கள் ஓர் ஊரில் தங்கி, சேர்ந்திருந்து தைத்தும் பின்னியும், இடையிடையே அவ்வூரின் நெசவையும் சாயத் தொழிலையும் கண்டும் திரும்புகிற வழக்கம் மேலைநாடுகளில் பெருகியிருக்கிறது. நம் நாட்டிலும் அது மெல்லக் கால்கொண்டு வருகிறது. பெண்கள் கூடியிருந்து தைப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய பின்னல் வகுப்பும், பின்னர் அவருடைய மகளார் எலிசா கால்டுவெல் இடையன்குடியில் வளர்த்த பின்னல் தொழிலும் வரலாற்றில் இடம்பெற்றவை. பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரையை மயிரிழை போலக் கீறி நெய்கிற பாய், மணமக்களின் பெயர் தாங்கித் திருமண இல்லங்களுக்குச் செல்வதை அறியாதார் யார்? ஆனால் அவையெல்லாம் பிழைப்பை முன்னிட்டுக் கூடிய கூட்டங்கள். களிப்பை முன்னிட்டுக் கூடுவதுதான் புதிது. ஆகவே அதன் ஒழுக்கம் யாதென்பதையும் நாம் புதிதாகத்தான் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய கூடுகைக்குக் காவிரிப் படுகையைவிடப் பொருத்தமான நிலப்பகுதி காண்பது அரிது. நெல்லுக்குப் பேர்போன தஞ்சைத் தரணி ஆடைக்கும் பேர்போனதே. மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாடு, மணப்பெண் உடுத்தும் கூறைப் புடவையைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் பட்டுத் தறிகள் ஒலிக்கின்றன. அய்யம்பேட்டையில் சௌராட்டிர நெசவாளர் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஓரூராக வாழ்ந்து வருகின்றன. கோயில் தேர்களில் அசைந்தாடும் தொம்பைகள், வண்ணத் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து உருவானவை. திருப்பனந்தாளை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில், கடுக்காய் நீரில் நனைத்துப் பதப்படுத்திய துணிமீது மூங்கில் எழுதுகோலால் சித்திரம் தீட்டும் கலம்காரிக் கலை உயிரோடிருக்கிறது. கோயில் மண்டபங்களில் விதானமாகக் கட்டப்படும் இத்தகைய ஓவியத் துணிக்கு ‘அஸ்மானகிரி’ என்று பெயர். அஸ்மான் என்றால் வானம். அது பார்சிச் சொல். துணிக்குச் சமய வேலி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடற்கரைப் பக்கம் செல்வோமாயின் நாகப்பட்டினம் இருக்கிறது. 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசமிருந்த அத்துறைமுகத்திலிருந்தும் சோழமண்டலக் கரையின் பிற துறைகளிலிருந்தும் சாயத் துணிகள் கீழைக் கடல் நாடுகளுக்குப் போயின. அவ்வாணிகத்தில் மரக்காயர்களின் மரக்கலங்களுக்கும் பங்குண்டு. அத்துணிகளுக்குச் செம்மை தந்தது, மணற்பாங்கான நிலத்தில் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேர் என்னும் மெல்லிய வேராகும்.

இந்நாட்டுக்குச் சென்று சில நாள் தங்கித் தைக்க விரும்புவோர் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? முதலில் பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு ஓட வீதி கிடைக்காது. தறிக்குழியிலும் ஈரம் ஏறும். சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களே உகந்தவை. அடுத்தது பெட்டி. புதுத் துணியானால் கஞ்சி போக அலசி உலர்த்திக்கொள்ள வேண்டும். சிவப்பு, கருநீல நூல்களை நனைத்து வெள்ளைத் துணிமீது அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். எண்வாரியாக ஊசிகள், துணியை இழுத்துப் பிடிக்கும் வளையச் சட்டம், சிறு கத்தரி, விரற்கூடு, நல்ல வெளிச்சம் தரும் விளக்கு, வயதானோர்க்குக் கண்ணாடி ஆகியவை போதும். மூன்று நாளில் முடியக்கூடிய சிறு வேலை ஒன்றையே எடுத்துச் செல்வது நலம். பெரிய வேலையைத் தூக்கிச் சென்று முடிக்காமல் திரும்புவோர் பிறகு அதைத் தொடுவதேயில்லை.

பெட்டியை ஆயத்தப்படுத்துவது ஒரு நாள் வேலை. உள்ளத்தை ஆயத்தப்படுத்துவதே கடினம். அதற்கு முதல் தடை வீட்டிலேயே எழும். “தைப்பதற்கு வெளியூர் போக வேண்டுமா? வீட்டில் இடமில்லையா?” என்று ஆடவர் வினவுவர், மூத்த பெண்டிரும் வினவுவர். வீட்டில் இடம் உண்டு, நேரம் இல்லை. நம் இல்லங்களில் பெண்ணின் ஊசி கிழிந்ததைத் தைக்கும், அறுந்த பொத்தானைத் தைக்கும், பெருநாள் நெருங்கினால் பிள்ளைகளின் புத்தாடைக்கு ஓரம் அடிக்கும். அதனை இடையில் நிறுத்தப் பத்துப் பேர் இருப்பர். இடையறாத ஓர் அரைநாள் தனக்கென்று கிடைத்து, தான் விரும்பிய பூவைத் தான் விரும்பிய நிறத்தில் தைத்தவர் எத்தனை பேர்? உழைத்த கைக்கு ஓய்வு உரிமையாகும். அந்த ஓய்வில் கை தன் விருப்பம் போலத் தொழிற்படுவது குற்றமாகாது.

ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அப்பெண் தைத்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று நாளும் அவள் வீட்டில் யாரோ ஒருவர் சமைக்கிறார். யாரோ ஒருவர் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உழைப்பின்மீதுதான் எப்போதும் அமர்ந்திருக்கிறது. நாத்தனாரோ, தாயோ, கூலிக்கு வரும் அம்மாளோ, அவ்வுழைப்பைத் தருபவர் யார் என்பதை அறிந்திருப்பதும், அவருக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கச் செய்வதும் களிப்பின் முதற் கடனாகும்.

இனி வீட்டைக் கடந்து தறிக்கு வருவோம். இங்கே இருவகைக் கருத்து நிலவக் காண்கிறோம். “உயிர்வாழத் தைப்பவர்கள் இருக்கும் ஊருக்குப் போய்ப் பொழுதுபோக்காகத் தைப்பது, பசித்தவன் முன் விருந்துண்பதைப் போன்றது” என்பர் ஒரு சாரார். “காசு கொடுத்துத் தங்குகிறோம், காசு கொடுத்து வாங்குகிறோம், அதற்குமேல் எவருக்கும் எதுவும் பட்டிருக்கவில்லை” என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றில் இரக்கம் இருக்கிறது. ஆனால் அதன்படி நடந்தால் தறியைப் பார்க்க எவரும் செல்லார், தறியாளர்க்கு அதனால் யாதொரு பயனும் விளையாது. பின்னவர் கூற்றில் நேர்மை இருக்கிறது. ஆனால் காசு ஒன்றே போதுமா என்னும் கேள்விக்குக் காவிரிக் கரையின் வரலாறே வேறு விடை தருகிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கோடாலிக் கருப்பூர் என்றோர் ஊர் உண்டு. தஞ்சை மராத்திய அரச குடும்பத்தார் உடுத்தவும், அரசர் பிறர்க்குப் பரிசிலாக வழங்கவும் அங்கே ஒருவகைத் துணி உருவாயிற்று. நுண்ணிய பருத்தித் துணியில் நெய்யும்போதே சரிகைப் பூக்களைச் சேர்ப்பார்கள். பின்னர் மெழுகிட்டும், எழுதுகோலால் வரைந்தும், சாயத்தில் தோய்த்தும் சிவப்பு, கருமை முதலிய நிறங்களை அதன்மேல் ஏற்றுவார்கள். சாயத்தினூடே பொன் மங்கலாக ஒளிரும். நெசவும் ஓவியமும் சாயமும் ஆகிய மூன்று தொழில்கள் ஒரே துணியில் கூடிய அருமை அது. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்திலும், அவர் மகன் சிவாஜி (1832–1855) காலத்திலும் அதற்கு அரண்மனை ஆதரவு இருந்தது. சிவாஜி ஆண் வாரிசின்றி 1855-இல் மறைந்தார். ஆங்கிலேயர் அரசுரிமையை முடித்துவைத்தனர். அரண்மனையின் தேவை போயிற்று. 1868-இல் ஜெர்மனியில் வேதியியலார் இருவர் சாயவேரின் செம்மைக்கு நிகரான சாயத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியபின் வேர்ச்சாயத்துக்கும் மதிப்புக் குறைந்தது. ஆலைத் துணி சந்தையை நிறைத்தது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கருப்பூர்ச் சேலை அருகிவிட்டது. இன்று அதனைக் காண விரும்புவோர் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கண்ணாடிக்குப் பின்னே காணலாம்.

அரண்மனை காசு கொடுக்கவில்லையா? கொடுத்தது. குறை எங்கே? வாங்குபவர் ஒரே வீட்டார். துணி எவ்வாறு உருவாகிறது, எந்தக் கை எதைச் செய்தது என்னும் அறிவு அவ்வூரைத் தாண்டிப் பரவவில்லை. ஆதரித்தவர் மறைந்தபோது, “அந்தத் துணி எங்கே?” என்று கேட்க வேறொரு வீடும் இல்லை. அறியாத கொடையின் கதி இதுவே. கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்கதே. எனினும் குறியீட்டைத் தருவது அரசு. அதற்குப் பொருள் தருவது வாங்குவோரின் அறிவு.

இதற்கு மாறான காட்சியைத் திருபுவனத்தில் காண்கிறோம். அங்கே பட்டு நெசவாளர்கள் 1955-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ஒரே புரவலரை நம்பாமல், பல்லாயிரம் வீட்டுத் திருமணங்களை நம்பி அத்தொழில் நின்றது. 2019-இல் திருபுவனம் பட்டுச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. நெசவாளர் துன்பமெல்லாம் அதனால் தீர்ந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. விசைத்தறியின் போட்டியும், மகன் தறியில் அமர மறுக்கும் நிலையும் கைத்தறி எங்கும் உள்ளவையே. ஆனால் ஒரு தொழில் நிலைபெற அரண்மனை ஒன்று போதாது; விவரம் அறிந்த ஆயிரம் வீடுகள் வேண்டும். இவ்வுண்மையைக் கொள்ளிடத்தின் இரு பக்கத்தும் உள்ள இவ்விரண்டு ஊர்களும் நமக்குக் கற்பிக்கின்றன.

அந்த அறிவை ஒருவர் எங்ஙனம் பெறுவது? இங்கேதான் பொழுதுபோக்கு ஊசிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கண்ணால் பார்த்தவர்க்குத் துணி அழகாகத் தெரியும். கையால் செய்து பார்த்தவர்க்கே அதன் விலை தெரியும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐந்தரை மீட்டர்ச் சேலை ஏறத்தாழ 216 அங்குலம். அங்குலத்துக்குப் பத்துத் தையல் வீதம் சங்கிலித் தையலில் ஒரேயொரு கோடு ஓட்டுவதற்கு 2,160 தையல்கள் வேண்டும். தையல் ஒன்றுக்கு மூன்று நொடி என்று கொண்டாலும் 108 நிமிடம் ஆகிறது. நூல் கோப்பதும், முடிச்சு அவிழ்ப்பதும், கழுத்து வலிக்க நிமிர்ந்து அமர்வதும் இக்கணக்கில் சேரா. ஒரு கோட்டுக்கு இவ்வளவென்றால், கொடியும் இலையும் பூவும் நிறைந்த ஒரு கரைக்கு எவ்வளவு? மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கைக்குட்டைப் பூவை முடித்த பெண், நான்காம் நாள் கடைக்குச் சென்று, “இதற்கா இவ்வளவு விலை?” என்று கேட்க நாக்கெழாது. அவள் கை அவளுக்குச் சாட்சியாக நிற்கும். இப்படிப்பட்ட கூடுகைகளின் நற்பயன் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

ஆகையால் தறி பார்க்கச் செல்வோர்க்குச் சில நெறிகள் உண்டு. ஓடும் தறியை நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்பது, ஒருவருடைய கூலி நேரத்தை எடுத்துக்கொள்வதாகும். கேட்க வேண்டுமாயின் அந்நேரத்துக்கு ஈடு செய்ய வேண்டும். அல்லது அவர் ஓய்ந்திருக்கும் வேளையில் கேட்க வேண்டும். காலையில் வீதியில் பாவு நீட்டுவோர்க்குக் குறுக்கே நடக்கலாகாது. ஒரு கலைஞர் வீட்டில் கண்ட கோலத்தைப் படம் பிடித்து வந்து, வேறிடத்தில் மலிவாகச் செய்வித்து, ‘நம் கற்பனை’ என்று காட்டுவது களவுக்கு மிக அருகில் நிற்கும் செயலாகும். கற்றுக்கொண்டால், யாரிடம் எந்த ஊரில் கற்றோம் என்று சொல்ல வேண்டும்.

பெயர் சொல்வது சிறு செயலன்று. கஅபாவைப் போர்த்தும் கிஸ்வாவில் பொன்னிழையாலும் வெள்ளியிழையாலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். 1927-இல் மக்காவில் அதனை நெய்வதற்கெனக் கூடம் அமைக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். பார்த்தோர் எத்தனையோ இலட்சம். அந்தக் கைகளின் பெயரைச் சொல்லக்கூடியோர் நம்மில் எத்தனை பேர்? படைத்தவன் அறிவான் என்ற ஆறுதல் தைத்தவர்க்கு உரியது. உடுத்துவோரும் பார்ப்போரும் அதையே சாக்காகக் கொண்டு மறந்துவிடலாகாது.

இனி எல்லாவற்றினும் நுண்ணிய கடன் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது நம் தெருவிலேயே இருக்கிறது. நம் ஊர்களில் ஆரி வேலையாலும் சட்டைத் தையலாலும் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் பலர். கணவனை இழந்தவர் உண்டு. வெளிநாடு சென்றவர் பணம் அனுப்பாமல் தவிப்பவர் உண்டு. மணப்பெண்ணின் சட்டைக்கு மணியும் சரிகையும் பதித்து வாங்கும் கூலியே அவர்கள் வீட்டு வருமானம். இந்நிலையில், வசதியுள்ள வீட்டுப் பெண் ஒருத்தி முகாமில் நன்கு தேர்ந்து திரும்புகிறாள். உறவினர் பாராட்டுகின்றனர், அயலார் தமக்கும் செய்து தரக் கேட்கின்றனர். “நான் காசுக்கா செய்கிறேன்? நூல் விலையும் மணி விலையும் கொடுத்தால் போதும்” என்று அவள் பெருந்தன்மையாகச் சொல்கிறாள். அவள் உள்ளத்தில் தீங்கில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் தெருக்கோடிப் பெண்ணின் கூலி மறுநாளே இறங்குகிறது. “அவர்களே இவ்வளவுக்குத் தருகிறார்களே, நீ ஏன் கூடக் கேட்கிறாய்?” என்ற கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. நூலுக்கு விலை வைத்து, கைக்கு விலை வைக்காமல் விட்ட பெருந்தன்மை, கையை மட்டுமே உடையவளின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கிவிடுகிறது.

ஆதலின் நாம் வலியுறுத்துவது இது. பொழுதுபோக்காகத் தைப்பவர் தம் வேலையை அன்பளிப்பாகத் தாராளமாகத் தரலாம். பேரனுக்குத் தொப்பி பின்னித் தரலாம். மருமகளுக்குத் துப்பட்டி ஓரம் தைத்துத் தரலாம். விற்பதாயின் முழுக் கூலியைச் சேர்த்தே விற்க வேண்டும். தமக்கு அக்கூலி வேண்டாமெனில், கேட்டு வந்தவரைத் தெருக்கோடிப் பெண்ணிடமே அனுப்பிவைக்கலாம். அது நூறு ரூபாய் தருமத்தினும் மேலானது. ஏனெனில் அதில் வாங்குபவர் கை தாழ்வதில்லை.

“மதிப்பும் நெறியும் வயிற்றை நிரப்புமா?” என்று சிலர் கேட்கக்கூடும். நிரப்பா. மூன்று நாள் தங்கும் பத்துப் பெண்கள் ஒரு நெசவூரைக் காப்பாற்றிவிடவும் முடியாது. அரசும் சங்கமும் சந்தையும் செய்ய வேண்டியவற்றை ஊசி செய்யாது. ஆனால் நியாயமான கூலி என்பது முதலில் ஒரு மனத்தில் நியாயமாகத் தோன்றிய பிறகே ஒரு கையிலிருந்து வெளிப்படும். அந்த மனத்தை ஆக்குவது ஊசி வேலையால் இயலும். பெரிய கடமைகள் பிறருடையனவாக இருப்பது, நம்முடைய சிறிய கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது.

தஞ்சை வயல்களில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. அறுத்தவர்க்குரிய நெல்லைக் களத்திலேயே அளந்து கொடுத்த பின்னரே நெல் வீட்டுக்குப் போகும். அளவு போதியதாக இருந்ததா என்பது வேறு வழக்கு. அதற்காக இந்தப் படுகை பல போராட்டங்களைக் கண்டிருக்கிறது. ஆனால் கூலி முதலில், களஞ்சியம் பிறகு என்ற வரிசை அறத்தின் வரிசையே. ஊசிவேலை முகாமுக்குப் பெட்டி கட்டும் நம் பெண்மக்களும் அவ்வரிசையை மனத்திற் கொள்வார்களாக. துணியைக் கையில் எடுத்து மகிழும்போது அதைச் செய்த கைக்கு உரியது அளக்கப்பட்டுவிட்டதா என்று முதலில் கேட்போம். அதன்பின் வருகிற களிப்பில் குறையேதும் இராது.